பிரிமுலா விதையைப் புதைக்காதீர்கள்

கேள்வி: குளத்தங்கரையின் ஈர மண்ணில் நட ஜப்பான் பிரிமுலா என்ற பூச்செடியின் விதை வாங்கினேன். தொட்டியில் தூவி, அரை அங்குல மண்ணால் மூடி, சமையலறையின் கதகதப்பில் வைத்தேன். ஐந்து வாரமாகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. சொத்தை விதையா?

பதில்: விதையைத் திட்டாதீர்கள். அந்தப் பொடி விதைக்கு அரை அங்குல மண் என்பது சமாதி. பிரிமுலா முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரக் கலவையை விரலால் லேசாக அமுக்கி, மேலே தூவி, கையை எடுத்துவிடுங்கள். மூடியே தீருவேன் என்றால் விதை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் போதும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, மேல்மண் கறுத்ததும் எடுங்கள்.

அடுத்தது சூடு. 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விதை தூங்கிவிடும். பழைய விதையென்றால் முதலில் மூன்று, நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஈரத்தோடு இருக்கட்டும். கோடையில் காய் பழுப்பானதும் பறித்து உடனே விதைத்தால் இந்தப் பாடே இல்லை.

இப்போதைய தொட்டியை வீசாதீர்கள். மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, வெளியே நிழலில் வையுங்கள். முதல் வருடம் நானும் ஆறு வாரம் பார்த்துவிட்டு, கோபத்தில் தொட்டியை வேலியோரம் கவிழ்த்தேன். குளிர்காலம் கழிந்து பார்த்தால், அந்த மண்கட்டியின் மேல் பதினொரு கன்றுகள், சுருங்கிய இலைகளோடு! அன்று முதல் ஒரு வருடம் போகாமல் எந்தத் தொட்டியையும் கவிழ்ப்பதில்லை.

அப்படியே பிரிமுலாவில் புளோரிண்டே வகையையும் விதையுங்கள். மஞ்சள் பூ, நல்ல வாசம், இடுப்புயரம் வளரும். 1924இல் திபெத்தில் இதைக் கண்டெடுத்த, செடி தேடி அலைந்த ஆங்கிலேயர் கிங்டன்-வார்டு, மனைவி புளோரிண்டாவின் பெயரையே சூட்டிவிட்டார். மறுநாளே வாடாத பூங்கொத்து!

கேள்வி: போன வருடம் நட்ட பிரிமுலாக்கள் குளிர்காலத்தில் இருந்த இடமே தெரியவில்லை. செத்துவிட்டனவா?

பதில்: அவசரப்பட்டுக் கொத்தாதீர்கள். ஈரம் விரும்பும் வகைகளில் பல, இலையை உதிர்த்து மண்ணுக்குள் முடங்கும். நட்ட இடத்தில் ஒரு குச்சி ஊன்றியிருக்கலாம். வசந்தத்தில் மண்ணோடு ஒட்டிப் பச்சை மொக்கு தெரியும். தொட்டதும் செடி வேரில்லாமல் கையோடு வந்தால்தான் கவலை. அடியில் கிளறுங்கள்: பழுப்புத் தலையும் வெண்மையான உடலுமாய்ச் சுருண்டு கிடக்கும் புழுக்கள், வேர் தின்னும் கூன்வண்டின் பிள்ளைகள். பொறுக்கி அழித்துவிட்டு, அடுத்த கன்றைப் புது மண்ணில் நடுங்கள்.