பொசிட்டிவாக நினைத்தால் இசட் புள்ளி ஏறுமா?

கொக்குவிலில் இருந்து வந்த அம்மாவுக்கும், இதே கவலையோடு போன் எடுக்கிற மற்றப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மகள் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் ஏ.எல் எனும் உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டாள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குக் காணாது. "பிள்ளை பொசிட்டிவாக நினைக்கிறாள் இல்லை, ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, மூன்றாம் தரம் கட்டாயம் கிடைக்கும்" என்கிறீர்கள். உங்கள் பயம் விளங்குகிறது அம்மா. ஆனால் அதை நான் அவளிடம் சொல்லப்போவதில்லை.

நம்பிக்கை மூளையில் வேலை செய்யும், உண்மைதான். 1978 இல் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள், சிலருக்கு வலி குறைந்தது. மூளையின் சொந்த வலிநிவாரணியான எண்டோர்பினைத் தடுக்கும் நாலொக்சோன் மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடிவிட்டது, அதாவது மூளை தானே சுரந்ததுதான் வலியைத் தணித்திருக்கிறது. சரி, வலிக்கு அது போதும். சேதன இரசாயனத்துக்கு எண்டோர்பின் உதவாது.

கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991 இல் எடை குறைக்க வந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கோ. தங்களால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக மெலிந்தார்கள், மெலிந்த உடம்போடு திரிவதாக இனிமையாகக் கனவு கண்டவர்களுக்கோ குறைவாகத்தான் இறங்கியது. 2011 இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து பார்த்தபோது, அப்படிக் கனவில் மூழ்கியவர்களின் இரத்த அழுத்தமே இறங்கியிருந்தது, கிடைத்துவிட்டது போல உடம்பு இளைப்பாறத் தொடங்கிவிடுகிறது. மகளின் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் ஸ்டெதஸ்கோப் படத்தை இன்றைக்கே கழற்றுங்கோ. கனடா மாமா கிழமைக்குக் கிழமை எடுத்து விசாரிக்கிறாரே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கோ. மாதக்கணக்கில் நெருக்குவாரத்தில் இருந்தால் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் கூடி, படித்ததைப் பதியவைக்கிற மூளைப் பகுதியான ஹிப்போகம்பஸையே பாதிக்கும்.

காணியை விற்று வெளிநாட்டில் டொக்டருக்குப் படிப்பிக்கும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். படித்து வந்தாலும் இங்கே பதிவுக்கு மருத்துவ சபையின் பரீட்சை இருக்கிறது, வீட்டில் தம்பியும் இருக்கிறான்.

தாதியம், மருந்தகவியல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விடுகிறேன். பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானம் என்ற பட்டத்தை யாராவது சொன்னார்களா? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவபீடத்தில் நான்கு வருடம், அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்கைக் கட்டணம் இல்லை. பக்கவாதம் வந்து எல்லாம் விளங்கியும் ஒரு சொல் வாயில் வராதவர், திக்குகிற பிள்ளை, பிளவு அண்ணத்தோடு பிறந்து சத்திரசிகிச்சை முடிந்த குழந்தை, ஓட்டிசம் உள்ள சிறுவர்கள், காது கேளாதவர்கள் என்று வருவார்கள். விழுங்க முடியாமல் தண்ணீர் சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரக்கூடிய நோயாளிக்கு, எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று பார்ப்பதும் இவர்களின் வேலை. சேதப்பட்ட மூளை திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யும்போது மற்றப் பகுதிகளைக் கொண்டு மொழியை ஓரளவு மீட்டுக்கொள்ளும், மூளை மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தச் சிகிச்சை அறைக்குத்தான் போக வேண்டும். இதைத் தமிழ் நோயாளிக்குத் தமிழில்தான் செய்யலாம், ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவர் எப்படித் திருத்துவது? வடக்கில் இவர்கள் மிகக் குறைவு.

பேச்சிழந்த அம்மம்மாவுக்குப் படம் கீறிக் காட்டிச் சொல் பழக்கியதை உங்கள் மகள் என்னிடம் அரை மணித்தியாலம் சொன்னாள். டொக்டர் என்ற சொல் அதற்குள் ஒருதரமும் வரவில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாடத் தகைமையையும் யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளியையும் பாருங்கோ, விண்ணப்பத்தின் விருப்ப வரிசையை அவளே போடட்டும். படிப்பு ஆங்கிலத்தில், ராகமவில் நோயாளிகள் பெரும்பாலும் சிங்களம், இரண்டு வகுப்புக்கும் இப்போதே அனுப்புங்கோ. மூன்றாம் தரம் எடுப்பதா என்பதை அவள் சொல்லட்டும். மாமாவின் நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறேன்.