கேஸ் பெட்டிக்கு வந்த கேஸ்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு சி.என்.சி., ஏழு பேர் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் பைப்லைன், மேனிஃபோல்டு வேலை செய்துவந்தோம். மச்சினன் பயோமெடிக்கல் படித்தவன். அவன் யோசனையில், பிறந்த குழந்தைகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வென்டிலேட்டர் குழாயில் அளந்து கலந்து கொடுக்கும் பெட்டி ஒன்றைச் செய்து, மூன்று வருடத்தில் ஈரோடு, சேலம், திருப்பூர்ப் பக்கம் ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். போன மாதம் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். "சிகிச்சை முறையும் கருவியும் எங்கள் பேட்டண்ட். 15 நாளில் நிறுத்து, கணக்கைக் கொடு, 50 லட்சம் நஷ்டஈடு கட்டு. இல்லையென்றால் வழக்கு" என்கிறார்கள். இதே மிரட்டலை இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஓரிடத்தில் பில் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாங்கள் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லைங்க. போலீஸ் வருமா? மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? நோட்டீஸ் நகலும் பெட்டியின் படமும் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: முதலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. போலீஸ் வராது. காப்புரிமை (பேட்டண்ட்) மீறல் நம் நாட்டில் சிவில் விவகாரம்தான். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் மீறியவரை ஜெயிலுக்கு அனுப்பும் பிரிவு இல்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் மெஷினையும் யாரும் தொட முடியாது. "கம்பெனியிலிருந்து வருகிறோம், செக் பண்ணணும்" என்று யாராவது பட்டறை வாசலில் வந்து நின்றால், உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உத்தரவோடு, கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் வந்தால் மட்டும் தடுக்காதீர்கள். கூடவே நின்று, என்னென்ன பார்த்தார், எதைக் குறித்துக்கொண்டார் என்று நீங்களும் எழுதி வையுங்கள்.

அடுத்து நோட்டீஸ். நாலு பக்கம் கொட்டை எழுத்தில் மிரட்டியிருக்கிறார்கள். நான் அதில் முதலில் தேடியது மூன்று எண்களைத்தான். ஒன்றுக்கு முன்னால் அமெரிக்கக் குறியீடு இருக்கிறது. அதைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். காப்புரிமைக்கு நாட்டின் எல்லைதான் எல்லை. அமெரிக்காவில் வாங்கிய உரிமை வாளையாறு தாண்டி வராது. இரண்டாவது 12 இலக்க எண், வருடத்தில் தொடங்குகிறது. அது விண்ணப்ப எண். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் கிடக்கிறது. காப்புரிமை வழங்கப்படும்வரை அதை வைத்து யாரும் மீறல் வழக்குப் போட முடியாது என்று 11ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் நாளைக்கே வழங்கப்பட்டால், விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து கணக்குக் கேட்கலாம். அதனால் அதை மறந்துவிடவும் வேண்டாம். மூன்றாவது ஆறு இலக்க எண். உயிரோடு இருக்கும் இந்தியக் காப்புரிமை இது ஒன்றுதான். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பார்த்தேன். வருடாவருடம் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறார்கள். பல பேர் கட்டாமல் விட்டு உரிமை காலாவதியான பிறகும் நோட்டீஸ் விடுவதுண்டு. இவர்கள் அப்படியில்லை.

ஆக, மூன்றில் ஒன்றுதான் மிச்சம். அதன் தலைப்பு "நைட்ரிக் ஆக்சைடு மூலம் சிகிச்சை அளிக்கும் முறையும் கருவியும்". இதைப் படித்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். தலைப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். காப்புரிமையின் எல்லை, ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்களில்தான் இருக்கிறது. நிலத்துக்குக் கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரமும் நான்கு மாலும் (நாலு பக்க எல்லையும்) இருக்குமே, அந்த மாதிரி. முன்னால் என்ன வர்ணித்திருந்தாலும் நாலு மாலுக்குள் வருவதுதான் சொத்து.

அந்த நாலு மாலுக்குள் சிகிச்சை முறை வராது. நம் சட்டத்தின் 3(ஐ) பிரிவு, மனிதருக்குச் செய்யும் மருத்துவ, அறுவை, நோய்தடுப்பு, நோயறியும் சிகிச்சை முறை எதுவுமே "கண்டுபிடிப்பு" ஆகாது என்கிறது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு எந்த அளவில், எத்தனை மணி நேரம் இந்த வாயுவைக் கொடுப்பது என்பது டாக்டரின் கையில் இருக்கும் விஷயம். அதற்கு ஒருவர் வேலி போட முடியாது. தெரிந்த பொருளுக்குப் புதிய பயன் கண்டுபிடித்தேன் என்று வந்தால் 3(டி) தடுக்கும். நைட்ரிக் ஆக்சைடோ பழைய சரக்கு. நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரியாத பச்சிளங் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1992லேயே லான்செட் இதழில் வந்துவிட்டன. 1999 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாகவே அனுமதி கிடைத்துவிட்டது.

அந்த அமெரிக்க எண்ணை அடிக்கச் சொன்னேனே, அதே ஊரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். உங்கள் கதைக்குப் பக்கத்துக் கதை அது. இந்த வாயுவை அங்கே விற்றுவந்த மாலின்க்ராட் தரப்பு, போட்டிக்கு வந்த ப்ராக்ஸ்ஏர் மீது 2015இல் டெலவேரில் வழக்குப் போட்டது. இரண்டு வகைக் காப்புரிமைகள். ஒன்று சிகிச்சை பற்றியது: இடது இதயக் கீழறை சரியாக வேலை செய்யாத குழந்தைக்கு இந்த வாயுவைக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோக்கலாம், ஆகவே அப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டறிந்து கொடுக்காமல் விடுவது. மற்றது கருவி பற்றியது: சிலிண்டர் வால்வில் இருக்கும் மின்சுற்று, உள்ளே என்ன வாயு என்ற விவரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வது. 2017இல் மாலின்க்ராட் தோற்றது. 2019 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதல் வகை உடம்பின் இயற்கையைச் சொல்வதுதான், அது காப்புரிமைக்குத் தகுதியில்லை என்றது. மூவரில் ஒரு நீதிபதி இதில் மாறுபட்டார். இரண்டாம் வகையில், எதிர்த்தரப்பின் கருவி அந்தக் கோரலுக்குள் வரவில்லை என்றது. சிகிச்சை முறைக்குப் பொதுவாகக் கதவு திறந்திருக்கும் நாட்டிலேயே இந்தக் கதி. நம் ஊரில் அந்தக் கதவே கிடையாது. அமெரிக்கத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், பதில் நோட்டீஸில் ஒரு பத்தி போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் யோசிப்பார்.

அப்புறம் மிச்சம் இருப்பது பெட்டி. கருவிக்குக் காப்புரிமை வாங்கத் தடையில்லை. வழக்கு இங்கேதான் நிற்கும். அவர்களுடைய முதல் கோரலைப் பிரித்துப் பார்த்தேன். சிலிண்டர் வால்வில் நினைவகச் சில்லு. அதைக் கம்பியில்லாமல் படிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. விவரம் பொருந்தாவிட்டால் தானாக மூடும் வால்வு. நைட்ரஜன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் சென்சார். நான்கும் சேர்ந்ததுதான் அவர்கள் சொத்து. கிரைண்டரை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும்: கவிழ்க்கும் சட்டம், கூம்புக் கல், பெல்ட் இல்லாத மோட்டார், மாவு வழிக்கும் தகடு என்று நான்கையும் சேர்த்து ஒருவர் கோரியிருந்தால், கவிழ்க்காத கிரைண்டர் செய்பவரை அவரால் பிடிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தில் சாதாரண ரெகுலேட்டர், ஃப்ளோ கன்ட்ரோலர், சென்சார் தெரிகிறது. வால்வில் சில்லு தெரியவில்லை. தெரியாத வரைக்கும் நீங்கள் வேலிக்கு வெளியே.

ஆனால் ஒன்று. நர்ஸம்மா தப்பான சிலிண்டரை மாட்டிவிடக் கூடாது என்று சிலிண்டரில் பார்கோடு ஒட்டி, அதை ஸ்கேன் செய்தால்தான் பெட்டி ஓடும் என்று மச்சினன் ஏதாவது சேர்த்திருக்கிறாரா? இருந்தால் "சில்லுக்குப் பதில் பார்கோடு, வேலை ஒன்றுதான்" என்று வாதாடுவார்கள். அந்த வாதம் சில நேரம் எடுபடும். அதனால் எனக்கு முழு உண்மை வேண்டும்.

"காப்பியடிக்கவில்லை" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் காப்புரிமை வழக்கில் அது செல்லாது. பதிப்புரிமையில்தான் காப்பி என்ற கேள்வி. இங்கே நீங்களே தனியாக யோசித்துச் செய்திருந்தாலும் மீறல் மீறல்தான். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: "அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இது உலகத்துக்குத் தெரிந்ததுதான்" என்பது. 107ஆம் பிரிவு அதை எதிர்வாதமாகச் சொல்ல இடம் தருகிறது. அலுவலகம் வழங்கிவிட்டது என்பதாலேயே காப்புரிமை செல்லும் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளாது. இதை உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் சொன்னதே ஒரு பட்டறை வழக்கில்தான். மிர்சாபூரில் பாத்திரம் கடைவதற்கு லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. கூர்முனை டெயில் ஸ்டாக்கை வைத்து அழுத்திப் பிடிப்பது எல்லாம் பழைய விஷயம், பட்டறையில் கைதேர்ந்தவன் செய்யும் மாற்றத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று காப்புரிமை ரத்தானது. எங்கள் அப்பா ஒண்டிப்புதூரில் லேத் ஓட்டியவர். சட்டக் கல்லூரியில் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னபோது, "இதுக்குப் போய் சுப்ரீம் கோர்ட்டா" என்று சிரித்தார்.

பணத்துக்கு வருவோம். 50 லட்சம் என்பது வாய்க்கு வந்த எண். 111ஆம் பிரிவின்படி, இப்படியொரு காப்புரிமை இருப்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நீங்கள் நிரூபித்தால், அந்தக் காலத்துக்கு நஷ்டஈடும் லாபக் கணக்கும் கிடையாது. தடையாணை மட்டும் கேட்கலாம். இந்தக் கவசம் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளோடு சரி. அதற்குப் பிறகு விற்பது தெரிந்தே விற்றது. தபால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதில் போய்ச் சேரும்வரை பத்தாவது பெட்டிக்கு ஆர்டர் எடுக்காமல் இருப்பது நல்லது. பழைய ஒன்பதையும் சர்வீஸ் செய்யலாமா என்று கேட்பீர்கள். குழந்தை படுத்திருக்கும் படுக்கை அது, கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில்தான் அவர்கள் கை நீண்டிருக்கிறது. காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவித்தால் மிரட்டல் ஆகாது. "நிறுத்து, இல்லையென்றால் வழக்கு" என்றால் மிரட்டல். 106ஆம் பிரிவின்படி, ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போட்டு, தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். மீறல் நடந்தது என்று நிரூபிப்பது அப்போது அவர்கள் பாரம். ஆனாலும் உடனே போடச் சொல்ல மாட்டேன். பதில் நோட்டீஸில் இந்தப் பிரிவைக் காட்டிவிட்டு ஒரு மாதம் பார்ப்போம்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கோபப்படாதீர்கள். மீறும் கருவியைப் பயன்படுத்துவதும் மீறல்தான் என்பதால் அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. "என்ன நஷ்டம் வந்தாலும் நான் ஏற்கிறேன்" என்று எழுதிக் கேட்பார்கள். பெட்டியின் விலை அளவுக்கு மேல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுத்திய பில்லுக்குத் தனி வழி உண்டு: சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால், ஒப்புக்கொண்ட கெடு எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. அந்த நிர்வாகத்திடம் இதை முதலில் வாய்ப்பேச்சாகவே சொல்லிப் பாருங்கள்.

வழக்கு எங்கே வரும்? மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. வர்த்தக முத்திரை வழக்கில் வாதி தன் ஊரிலேயே போடலாம். காப்புரிமையில் அந்தச் சலுகை இல்லை. நீங்கள் இருக்கும் இடம் அல்லது பெட்டி விற்ற இடம்: கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர். இந்த நான்கிலும் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டுவிடுங்கள். 90 நாள் நிற்கும், உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்குவது கஷ்டமாகிவிடும். ஆன்லைன் விற்பனைத் தளம் எதிலாவது "இந்தியா முழுவதும் சப்ளை" என்று போட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், டெல்லியில் வழக்குப் போட அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இன்னொன்று: காப்புரிமை செல்லாது என்பதை எதிர்வாதமாக மட்டும் சொன்னால் வழக்கு இங்கேயே நடக்கும். ரத்து செய்யக் கோரி எதிர்க்கோரிக்கை வைத்தால் 104ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். வாய்தாவுக்கு வாய்தா சேரன் எக்ஸ்பிரஸ் ஏறத் தயாரென்றால் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நான் பயப்படுவது நோட்டீஸுக்கு அல்ல. மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, இடர் அதிகமான சி, டி வகுப்புக் கருவிகளைத் தயாரிக்க 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம். கீழ் வகுப்புகளுக்கு அதற்கும் ஒரு வருடம் முன்பே. உரிமம் இல்லாமல் செய்தால் அதற்கு ஜெயில் உண்டு. எதிர்த்தரப்பு இதை மோப்பம் பிடித்தால் காப்புரிமையை விட்டுவிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு புகார் எழுதினாலே போதும். உங்களிடம் உரிமம் இருக்கிறதா இல்லையா என்று கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். 15 நாள் கெடுவை நினைத்து அவர்கள் வக்கீலிடம் நீங்களாகப் போனில் பேசவும் வேண்டாம். "ஏனுங்க, பேசித் தீர்த்துக்கலாமுங்க" என்று மரியாதைக்குச் சொன்னதைக்கூட ஒப்புதல் என்று எழுதிவிடுவார்கள்.

வரும்போது மச்சினனையும், அவர் வரைந்த முதல் படம் இருக்கும் நோட்டையும், தேதி அழியாமல், ஒரு பெட்டியையும் கொண்டுவாருங்கள். கழற்றிப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர் என் ஆபீஸிலேயே இருக்கிறது.