வாடாமல்லி இலையாகத் தள்ளுகிறது, பூ வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். கே.வி.குப்பம் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம், செம்மண். வைகாசியில் ஒரு பாக்கெட் வாடாமல்லி விதை வாங்கி மண்ணைக் கொத்தி ஊன்றினேன், மொத்தமே 8 செடிதான் வந்தது. குழிக்கு ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை போட்டேன், 15 நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி யூரியா வைக்கிறேன், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர். செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது, இலை நல்ல பச்சை, ஆனால் பூ அங்கொன்று இங்கொன்றுதான், அதுவும் சின்னதாக. மாடியில் தொட்டியில் வைத்த 3 செடிக்கு இலை ஓரம் கருகுகிறது. எங்கள் அத்தை காலத்தில் வாசலில் காய்ந்த பூவைத் தூக்கிப் போட்டாலே தானாக முளைத்துப் பூக்குமாம். எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஆயுத பூஜைக்கு மாலை கட்ட வீட்டுப் பூ இருக்க வேண்டும் என்று ஆசை.

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. அத்தை அந்தச் செடிக்கு ஒன்றுமே செய்யவில்லை, அது பூத்தது. நீங்கள் எல்லாமே செய்கிறீர்கள், அதனால் அது பூக்க அவசரப்படவில்லை. தண்ணீரும் தழைச்சத்தும் நிறையக் கிடைக்கிற வரை இந்தச் செடி இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டு போகும். யூரியா என்பது முழுக்கத் தழைச்சத்து, ஆட்டுப் புழுக்கையிலும் அது தாராளமாக உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கீரைக்கு நல்லது, பூவுக்கு நல்லதில்லை. கீரை என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. வாடாமல்லி உண்மையிலேயே கீரைக் குடும்பம்தான், தண்டுக்கீரை, சிறுகீரை, கோழிக்கொண்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள். செங்கீரை வேகவைத்த தண்ணீர் சிவப்பாக இறங்குகிறதே, புடவைக் கடையில் நாம் வாடாமல்லி கலர் என்று கேட்கிறோமே, அந்தப் பூவின் நிறமும் அதே வகைச் சாயத்தால் வருவதுதான், பீட்ரூட்டிலும் அந்த வகைதான் இருக்கிறது.

அதனால் இன்றைக்கே யூரியாவை நிறுத்திவிடுங்கள். புழுக்கை போட்டது போட்டதுதான், அதை எடுக்க முடியாது, இனிமேல் வேண்டாம். தண்ணீரை இரண்டு வேளையிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு முறை என்று குறையுங்கள், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். கணக்கு வைத்துக்கொள்வதை விட விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் மண் உலர்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரமாக ஒட்டினால் விட்டுவிடலாம். மத்தியான வெயிலில் இலை கொஞ்சம் தொங்கினால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் அதற்குத் தாகம்.

வெயிலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். அந்த 8 செடி எங்கே நிற்கிறது? நம் பக்கத்தில் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கையோ வேம்போ இல்லாத வீடு குறைவு, பூச்செடி எல்லாம் அதன் கீழேதான் ஒதுங்கி இருக்கும். வாடாமல்லிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மக்காச்சோளம், கரும்பு மாதிரி கடும் வெயிலிலும் நன்றாக உணவு தயாரிக்கிற வகை இது, நடு அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது, வேலூர் வெயில் இதற்குத் தண்டனையே இல்லை. கத்திரி வெயிலில் மற்ற பூச்செடி எல்லாம் வதங்கி நிற்கும்போது ஒடுகத்தூர் பக்கம் ஒரு வீட்டு வேலி ஓரத்தில் இது மட்டும் தலைதலையாகப் பூத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வழிந்து வருவதோடு சரி, தனியாக யாரும் ஊற்றுவதில்லை என்றார்கள். நிழலில் இருந்தால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும். இடுப்பு உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள், சாதாரணமாக இது ஒன்றரை அடி, இரண்டு அடிதான் வளரும், அதனால் உரமும் நிழலும் இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மேலே கிளை இருந்தால் கழித்து விடுங்கள்.

அடுத்து, செடியின் நுனியை வெட்டுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் மேல் பாகத்தில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே, சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டால் அந்தக் கணுவில் இரண்டு பக்கமும் கிளை வரும். இதில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், கணு கொஞ்சம் வீங்கி சிவப்பாக இருக்கும், பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூ என்பதால் கிளை பெருகினால் பூ பெருகும். மூன்று நான்கு வாரத்தில் மொட்டு தெரிய வேண்டும். ஆயுத பூஜைக்கு இந்த 8 செடியிலிருந்து சாமி படத்துக்கு வைக்கப் பூ கிடைக்கும், முழு மாலைக்குப் போதாது. கதம்பத்தில் சாமந்தியோடும் கோழிக்கொண்டையோடும் இடையிடையே வைத்துக் கட்டினால் கொஞ்சமே நிறையத் தெரியும்.

இப்போது விதைக்கு வருகிறேன், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். காய்ந்த பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கிற அந்த ஊதாத் தாள் மாதிரி இருப்பது இதழ் இல்லை, பூவைப் போர்த்தியிருக்கிற செதில் இலை. அது செடியில் இருக்கும்போதே தாள் மாதிரி உலர்ந்ததாக இருப்பதால்தான் பறித்த பிறகும் வாடுவதில்லை. நிஜப் பூ அந்தச் செதில்களுக்கு நடுவே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ குண்டூசி முனை அளவு எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். செதிலை ஒவ்வொன்றாக உருவினால் அடியில் ஒரு சின்னப் பஞ்சுப் பொதி வரும். அந்தப் பஞ்சைக் கிள்ளினால்தான் உள்ளே பளபளப்பான பழுப்பு நிற விதை, கடுகு அளவுதான் இருக்கும். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் பஞ்சோடு இருக்கும். அதை அப்படியே மண்ணில் ஆழமாக ஊன்றிவிட்டால் பஞ்சு நனைந்து விதைக்கு ஈரம் போய்ச் சேர நாளாகும், அதற்குள் வைகாசி வெயிலில் மேல் மண் பாளம் கட்டிவிடும், முளை வந்தாலும் மேலே வர வழியில்லை. நீங்கள் ஊன்றியது 8 செடியாக நின்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், விதை பழசாகவும் இருந்திருக்கலாம்.

இனி போடும்போது இப்படிச் செய்யுங்கள். விதையை ஒரு கைப்பிடி காய்ந்த மணலோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மெதுவாகத் தேய்த்தால் பஞ்சு பிரியும், முழுதும் போகாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, நாற்றுத் தட்டிலோ ஓட்டை போட்ட பழைய டப்பாவிலோ செம்மண், மணல், சலித்த மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பி அதன் மேல் பரப்பி, விதை மறைகிற அளவுக்கு மட்டும் மேலே தூவுங்கள். பூவாளியால் தெளிக்க வேண்டும், செம்பால் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நான்கு ஐந்து இலை வந்ததும் ஒரு அடி இடைவெளியில் நடுங்கள், நட்ட செடி அரை அடி வந்தவுடன் நுனியை நகத்தால் கிள்ளிவிடுங்கள். இந்த ஒரு கிள்ளலைச் செய்யாதவர்கள்தான் ஒற்றைக் குச்சியில் ஒற்றைப் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடியுரமாகச் செடிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு போதும், அதற்கு மேல் மொட்டு கட்டும் நேரத்தில் விறகடுப்புச் சாம்பல் இருந்தால் ஒரு சிட்டிகை தூரில் தூவலாம், அதில் சாம்பல் சத்து உண்டு. சாம்பல் நிறையப் போட வேண்டாம், மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும்.

எப்போது போடுவது? விதை போட்டதிலிருந்து பூ வர இரண்டரை மாதம், மூன்று மாதம் ஆகும். ஆயுத பூஜைக்கு வேண்டுமென்றால் ஆடி பிறந்ததும் விதைத்திருக்க வேண்டும், அது அடுத்த வருடத்துக்கு. இப்போது ஆவணி. பொங்கலைக் குறி வையுங்கள். புரட்டாசி 15க்கு மேல் தட்டில் விதைத்தால் தை பிறக்கும்போது பூ பறிக்கலாம். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது, அதுதான் ஆபத்து. நாற்றுத் தட்டு மழை நேரடியாக விழாத தாழ்வாரத்தில் இருக்கட்டும், ஆனால் வெளிச்சம் வேண்டும். மண்ணில் நடும்போது அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். வெயிலுக்கு அஞ்சாத செடி, காலடியில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் தாங்காது, வேர் அழுகிவிடும். நாற்று தரையோடு சுருங்கி சாய்ந்து விழுந்தால் அது அழுகல் நோய், அதற்கு முன்னெச்சரிக்கையாக மண் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நோய்க் கிருமியை அடக்கும் நன்மை செய்கிற பூஞ்சையைக் கலந்துகொள்ளலாம், உரக்கடையில் கிடைக்கும், காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள்.

மாடித் தொட்டி விஷயம் வேறு. இலை ஓரம் கருகுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது போர் தண்ணீரை. தொட்டியின் வெளிப்பக்கம், மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது உப்பு. தரையில் ஊற்றினால் உப்பு கீழே இறங்கிவிடும், தொட்டியில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் தங்கிக்கொண்டே வரும். மேல் படிவத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு குடம் கிடைத்தால் தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வெளியே வரும்படி மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், பத்து நாளுக்குப் பிறகு இன்னொரு முறை. அப்புறம் ஊற்றும்போது ஓட்டையில் வழிகிற அளவுக்கு ஊற்றி, மண் காயும் வரை விட்டுவிடுங்கள். பாலாறு ஓரம் பல ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டுக் கிடக்கிறது, உங்கள் போரும் எப்படி என்று ஒரு முறை தெரிந்துகொள்வது மற்ற பயிருக்கும் நல்லது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், மண்ணும் தண்ணீரும் சோதிக்க என்ன வழி என்று அங்கே கேளுங்கள்.

பூச்சித் தொல்லை இதற்குக் குறைவு. கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி, நுனியில் அசுவினி வரலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துண்டு காதி சோப்பு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் போதும், வாரம் ஒரு முறை இரண்டு மூன்று தடவை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இலையில் வட்ட வட்டமாகச் சிவந்த புள்ளியோ, நிறம் மாறித் திட்டுத் திட்டாகவோ வந்து இலை முறுக்கினால் அது வைரஸாக இருக்கலாம். தாவர வைரஸ் நோயைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் இதே வாடாமல்லியையும் வளர்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவு சீக்கிரம் இதன் இலை காட்டிக்கொடுத்துவிடும். தக்காளியைத் தாக்குகிற புள்ளி வாடல் வைரஸ் இதற்கும் வரும், இலைப்பேன் அதை இங்கிருந்து அங்கே கொண்டு போகும். உங்கள் 5 சென்டில் தக்காளியோ மிளகாயோ இருந்தால் அப்படிப்பட்ட செடியை மருந்தடித்துக் காப்பாற்றப் பார்க்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

பூ பறிக்கும்போது உருண்டை நன்கு திரண்டு, நிறம் ஏறி, தொட்டால் மொரமொரவென்று இருக்க வேண்டும். காம்போடு பறித்துக் கொத்தாகக் கட்டி நிழலில், காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும். பறிக்கப் பறிக்கக் கிளை வரும், அதனால் கை கூசாமல் பறியுங்கள்.

விதைக்கு மட்டும் நல்ல செடி ஒன்றில் நான்கைந்து பூவைப் பறிக்காமல் விடுங்கள். வயதாக ஆக அந்த உருண்டை நீண்டு, மேலே பூத்துக்கொண்டே அடியில் விதை முற்றும். அடிச்செதில் வெளுத்து, விரலால் தொட்டால் உதிர ஆரம்பிக்கும்போது காலை வெயில் ஏறிய பிறகு, பனி ஈரம் இல்லாமல் பறியுங்கள். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி காகித உறையில் போட்டு மாதத்தை எழுதி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு பூவை மட்டும் அத்தை கையில் கொடுத்து, அவர் அந்தக் காலத்தில் போட்ட அதே இடத்தில் உதிர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆடி மழைக்கு அங்கே எத்தனை முளைக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.