மருத்துவர் பதில்கள்: பாட்டியின் கையில் கன்றிய தடம்

கேள்வி: வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர் நான். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பாட்டி ஒருவரின் மேற்கையில் கன்றிய தடம். எதைக் கேட்டாலும் மருமகளே பதில் சொல்கிறார். கொடுமை நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: தடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்கள் பலரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகள் சாப்பிடுவார்கள். லேசாக இடித்தாலே கன்றும். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாலும் விரல் தடம் விழும். அதுதான் காரணமென்றால், அடியில் மடித்த போர்வை விரித்து இருவராகத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள். காது, கழுத்து, உள்தொடையில் கன்றலோ, இரு மணிக்கட்டிலும் கட்டிய தடமோ இருந்தால் சும்மா விடக் கூடாது. நிறத்தைப் பார்த்து எத்தனை நாள் காயம் என்று கணிப்பதும் தப்பு.

பாட்டியிடம் தனியாகப் பேசியாக வேண்டும். "புண்ணைக் கழுவணும், கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று எல்லா வீட்டிலும் வழக்கமாகவே சொல்லிவிடுங்கள், யாருக்கும் உறுத்தாது. பேச்சு குழறினால் தலையாட்டச் சொல்லலாம். அதற்கு முன், "இது உங்க வீடுதானே?", "இப்ப ராத்திரியா?" என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு, ஆமாம், இல்லை சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு கடந்த 12 மாதத்தைப் பற்றிக் கேளுங்கள்: சாப்பாடு, மாத்திரை, மூக்குக் கண்ணாடி கிடைக்காமல் செய்தார்களா? கூசும்படியோ மிரட்டியோ பேசினார்களா? கைநாட்டு வைக்கவோ பணம் தரவோ வற்புறுத்தினார்களா? அடித்தார்களா, பயமாக இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் மேலே விசாரிக்க வேண்டும். முதியோர் பென்ஷன் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

மாத்திரை அட்டையை எண்ணுங்கள். 30 நாளுக்குக் கொடுத்ததில் 25ஆம் நாள் 15 மிச்சமிருந்தால் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. தூக்க மாத்திரை மட்டும் சீக்கிரம் தீர்ந்தால், அளவுக்கு மீறிக் கொடுக்கிறார்களோ என்று பாருங்கள்; அது இன்னும் மோசம்.

மருமகளை அங்கேயே குற்றம் சாட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது. அடி பாட்டிக்குத்தான் விழும். பல வீடுகளில் ஆள் மாற்றில்லாமல் ஒருத்தியே எல்லாம் பார்க்கிறாள் என்பதும் நினைவிருக்கட்டும். காயத்தின் இடம், சென்டிமீட்டர் அளவு, பாட்டி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அலுவலகக் கோப்பில் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் நோட்டில் வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே குழு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567. உயிருக்கு ஆபத்தென்றால் 112. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புக்கு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம்; பாட்டியால் முடியாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவரும் கொடுக்கலாம்.