பொடி எழுத்து தெரிகிறது, தலைப்பு தெரியவில்லை!

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. செய்தித்தாளில் பொடி எழுத்தைப் படித்துவிடுகிறார். கொட்டை எழுத்துத் தலைப்பில் திணறுகிறார். கண்ணெதிரே இருக்கும் டம்ளரைத் தேடுகிறார். ஒரு வருடமாக இப்படி. கண் டாக்டர் பார்வை 6/6 என்கிறார். நடிக்கிறாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

பதில்: நடிப்பு இல்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நமக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். பொருளின் முழு உருவத்தைச் சேர்த்துக் கட்டுவது மூளை. கண்ணிலிருந்து மூளையின் பின்பகுதிக்கு வரும் கோடும் விளிம்பும் அங்கிருந்து இரண்டு வழியாகப் பிரிகின்றன. கீழ்வழி ‘இது என்ன’ என்று அடையாளம் காண்கிறது. மேல்வழி எது எங்கே இருக்கிறது என்று பார்த்து, பல பகுதிகளையும் ஒரே சமயத்தில் கவனத்தில் நிறுத்துகிறது. மேல்வழி பழுதானால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். பொடி எழுத்துச் சொல் அந்தத் துண்டுக்குள் அடங்கிவிடும், தலைப்பு அடங்காது. பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் சிரமம் கூடத்தான் செய்யும்.

வெள்ளைத் தாளில், அரை செ.மீ. உயரமுள்ள ‘க’ எழுத்துகளையே வரிசையாக வைத்து 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு ‘ப’ எழுதுங்கள். 40 செ.மீ. தூரத்தில் பிடித்து, “என்னென்ன எழுத்து தெரியுது?” என்று மட்டும் கேளுங்கள். எடுத்துக்கொடுக்காதீர்கள். பெரும்பாலோர் சட்டென்று ‘ப’ என்பார்கள். அப்பா “க, க, க” என்றே போனால் சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

இந்த வயதில் மெல்ல மெல்ல வந்தால், மூளையின் பின்பகுதி சுருங்கும் நோயை நினைக்க வேண்டும். பெரும்பாலும் அது அல்சைமர் என்ற மறதி நோயின் ஒரு வகை. ஆரம்பத்தில் ஞாபகசக்தி நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை; கண்ணாடியை மாற்றி மாற்றியே காலம் போய்விடும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ., பார்வைப்புலச் சோதனை, ரத்தத்தில் பி12, தைராய்டு பார்ப்பார்கள். டோனெபெசில் மாத்திரை சிலருக்கு ஓரளவு உதவும், நோயைக் குணப்படுத்தாது. இதே தொந்தரவு திடீரென்று வந்திருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

வீட்டில் பூப்போட்ட மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள். வெள்ளைச் சோற்றுக்கு அடர்நிறத் தட்டு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள் போதும். அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளத் துளை வெட்டிக் கொடுத்தால் படிப்பது சுலபமாகும். படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். வண்டிச் சாவியை இன்றே வாங்கி வைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார்தான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.