ஆர்டுபைலட் ஹெலிகாப்டர்: மிதக்க ஒரு மோடு, இறக்க ஒரு மோடு – கேள்வி பதில்

ஒற்றை மெயின் ரோட்டரும் டெயில் ரோட்டரும் உள்ள மாடல் ஹெலிகாப்டர்களில் ஆர்டுபைலட் (ஆட்டோபைலட் மென்பொருள்) ஓட்டுபவர்கள் கேட்டவை.

கேள்வி: அண்ணா, ரிமோட்டின் மூன்று நிலை சுவிட்சில் எந்தெந்த மோடு (பறக்கும் முறை) வைக்கலாம்?

பதில்: ஸ்டெபிலைஸ், ஆல்ட்ஹோல்டு, லாய்ட்டர். கை தானாகப் போகும் நிலையில் ஸ்டெபிலைஸ் இருக்கட்டும். அதில் ஸ்டிக் சாய்கோணத்தை மட்டும்தான் சொல்கிறது. கலெக்டிவ் (ஏற்றி இறக்கும் ஸ்டிக்) நேரே பிளேடு பிட்ச்சுக்கு, அதாவது பிளேடின் சாய்வுக்குப் போகிறது. கையை விட்டால் மட்டமாகும், ஆனால் காற்று தள்ளினால் போய்க்கொண்டே இருக்கும். ஆல்ட்ஹோல்டில் கலெக்டிவ் ஸ்டிக் 40–60 சதவீதத்துக்குள் இருந்தால் உயரம் நிற்கும். லாய்ட்டர் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

கேள்வி: லாய்ட்டரில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறதே, அப்படியே இறக்கினால் என்ன?

பதில்: கவிழ்வதற்கு அதுதான் குறுக்கு வழி. ஸ்கிட் (இறங்கும் கால்) தரையில் பட்ட பிறகு ஜிபிஎஸ் கணக்கு அரை மீட்டர் நகர்ந்தாலும், பழைய இடத்துக்குப் போகக் கன்ட்ரோலர் சைக்ளிக்கை (ரோட்டர் வட்டைச் சாய்க்கும் கட்டுப்பாடு) சாய்க்கும். ஸ்கிட் புல்லில் மாட்டியிருப்பதால் வண்டி நகராது. நகரவில்லையே என்று ஐ டெர்ம் (தீராத பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு) ஏறிக்கொண்டே போகும். ரோட்டர் வட்டு சாய்ந்து, ஒரு ஸ்கிட்டையே அச்சாக வைத்துப் புரட்டிவிடும். குவாட் (நான்கு ரோட்டர் ட்ரோன்) ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்: அங்கே தொட்டதும் மோட்டார் வேகம் விழுந்துவிடும், இங்கே தரையில் நிற்கும்போதும் ரோட்டர் முழு வேகத்தில் சுற்றுகிறது.

2, 3 மீட்டர் உயரத்தில் ஸ்டெபிலைஸுக்கு மாற்றி, மிதப்பு அடங்கியதும் மெதுவாக இறக்குங்கள். இரண்டு ஸ்கிட்டும் தொட்டதும் கலெக்டிவைத் தயங்காமல் அடிவரை கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் தூக்கினாலும் கலெக்டிவைத்தான் முதலில் இறக்க வேண்டும். சைக்ளிக்கில் மட்டும் சமாளிக்கப் பார்த்தால் நேரம் போதாது.

கேள்வி: ஸ்டெபிலைஸுக்கு மாற்றிய கணமே தொப்பென்று இறங்குகிறது.

பதில்: லாய்ட்டரில் கலெக்டிவ் ஸ்டிக் நடுவில் இருந்திருக்கும். உங்கள் ஸ்டெபிலைஸ் கலெக்டிவ் கர்வில் (எந்த ஸ்டிக் நிலைக்கு எவ்வளவு பிட்ச் என்ற கோடு) நடு ஸ்டிக்குக்கு மிதக்கப் போதுமான பிட்ச் இல்லை. கர்வுக்கு நான்கு புள்ளிகள்: ஸ்டிக் 0, 40, 60, 100 சதவீதம். மிதக்கும்போது கலெக்டிவ் எவ்வளவு என்று லாகில் (பறப்புப் பதிவில்) பார்த்து, அந்த அளவு நடு ஸ்டிக்கில் விழும்படி 40, 60 புள்ளிகளை மாற்றுங்கள். மாற்றியதும் துள்ளி ஏறினால் இதே கோளாறு, திசைதான் வேறு.

கேள்வி: மிதக்கும்போது வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. காலிபரேஷன் தப்பா சார்?

பதில்: தப்பில்லை. மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் ஓடும் ரோட்டர் என்றால் டெயில் ரோட்டர் வண்டியை இடப்பக்கம் தள்ளும். அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. ஹோவர் ரோல் ட்ரிம் ஆரம்பத்திலேயே 3 டிகிரிதான். வலது ஸ்கிட் முதலில் தொடும், விட்டுவிடுங்கள்.

கேள்வி: லாய்ட்டரில் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

பதில்: காம்பஸ்தான் காரணம். மோட்டார், பேட்டரி வயர்களிலிருந்து தள்ளி, டெயில் பூம் மேல் வைத்து மறுபடி காலிபரேட் செய்யுங்கள். அதுவரை லாய்ட்டர் வேண்டாம்.

கேள்வி: ஆல்ட்ஹோல்டில் தரைக்கு அருகே வந்தால் மட்டும் ஏறி இறங்குகிறது.

பதில்: ரோட்டர் விட்டம் அளவு உயரத்துக்குள் வந்தால் கீழ்க்காற்று தரையில் பட்டுத் திரும்பி பாரோமீட்டரை (காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் சென்சார்) குழப்பும். சென்சார் மேல் ஃபோம் ஒட்டுங்கள். உயரத்திலும் இதே ஆட்டம் என்றால் லாகில் அதிர்வைப் பாருங்கள். 30 மீ/வி²-க்குக் கீழ் இருக்க வேண்டும். தானாக மேலே ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் அதிர்வுதான் காரணம், பிஐடியை (கன்ட்ரோலர் அளவுகளை) தொடாதீர்கள்.

கேள்வி: அப்போ லேண்ட் மோடு எதற்கு?

பதில்: ஃபெயில்சேஃபுக்கு (கோளாறு வந்தால் தானாகச் செயல்படும் பாதுகாப்பு). கடைசி 10 மீட்டரில் வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இறங்கும், தரையைக் கண்டதும் டிஸ்ஆர்ம் ஆகும் (மோட்டார் அணையும்). சமதளத்தில் ஒருமுறை சோதித்துவையுங்கள். ஜிபிஎஸ் இல்லாமல் இந்த மோடு வந்தால் உயரத்தை மட்டும்தான் அது பார்த்துக்கொள்ளும். ரோலும் பிட்ச்சும் (பக்கவாட்டு, முன்பின் சாய்வு) உங்கள் கையில்தான், ஸ்டிக்கை விட்டுவிடாதீர்கள்.