ஈகோவைக் கொல்லணுமா, வளக்கணுமா?

கேள்வி: ரெண்டு வருஷமா ஒரு சத்சங்கத்துக்குப் போறேன், எப்பப் பாத்தாலும் 'நான்'ங்கிறத அழி, ஈகோவைக் கொல்லுன்னுதான் பேச்சு. இப்ப டிப்ரஷனுக்காக ஒரு கவுன்சிலர்கிட்டயும் போறேன், அவங்க என்னடான்னா உங்க ஈகோ ரொம்ப வீக், அத ஸ்ட்ராங் பண்ணணும்ங்கிறாங்க. ஆபீஸ்ல நான் செஞ்ச வேலைக்கு இன்னொருத்தர் பேர் வாங்கிட்டுப் போறாரு, நான் வாயே தொறக்கிறதில்ல. யார் பேச்சக் கேக்கிறது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு வேற வேற சாமானச் சொல்றாங்க, நடுவுல மாட்டினது நீங்க. மனோதத்துவத்துல பேர் போன டாக்டர் ஃப்ராய்டு 1923ல மனச மூணாப் பிரிச்சப்ப ஈகோன்னே எழுதல, ஜெர்மன்ல வீட்ல பேசற வார்த்தையத்தான் போட்டாரு: அது, நான், மேல்-நான். இங்கிலீஷ்ல கொண்டுவந்தவங்கதான் லத்தீனப் பூசி இட், ஈகோ, சூப்பர் ஈகோன்னு ஆக்கினாங்க, நம்மாளுங்க அந்த ஈகோவ ஆணவம்னு தமிழ்ல இறக்கி வச்சிட்டாங்க, தொல்லையே அங்கதான்.

எங்க மாமியாருக்கு சுகர். தீபாவளிக்கு மைசூர்பாக் டப்பாவத் தொறந்தா உள்ள ஒண்ணு எடு எடுங்கும், இன்னொண்ணு இந்த வயசுல நாக்க அடக்கத் தெரியலயான்னு திட்டும், நடுவுல ஒரு ஆள் உக்காந்து 'சரி பாதித் துண்டு, சாயங்காலக் காபில சர்க்கரை கட்'னு பஞ்சாயத்து பண்ணுவாரு. அந்த நடு ஆள்தான் ஃப்ராய்டு சொன்ன ஈகோ. அவரக் கொன்னா என்ன மிஞ்சும்? ஒண்ணு டப்பா காலி, இல்லன்னா ராவெல்லாம் அழுகை.

சைவ சித்தாந்தத்துல இது குழப்பமே இல்ல தெரியுமா? மனம், புத்தி, சித்தம், அகங்காரம் (இங்க திமிரு இல்ல, 'நான்'ங்கிற உணர்வு)னு நாலு அந்தக்கரணம், அதாவது உள்கருவி, எல்லாம் மாயையிலேருந்து உயிருக்குக் கிடைச்ச கருவிங்க, விடியற வரைக்கும் இருட்டுல ஏத்தி வச்ச விளக்கு மாதிரி. ஆணவம் இந்தக் கணக்குலயே வராது, அது மலம், அதாவது உயிரப் புடிச்ச அழுக்கு, செம்புல ஏறுற பச்சைக் களிம்பு மாதிரி உயிரோட ஆதியிலேருந்தே ஒட்டிக்கிட்டு அறிவ மறைக்கிறது. உங்க கவுன்சிலர் விளக்கத் தூண்டச் சொல்றாங்க, சத்சங்கத்துல களிம்பத் தேய்க்கச் சொல்றாங்க, நீங்க செம்பையே தூக்கிக் குப்பைல போட்டுட்டீங்க!

இன்னொண்ணு. ஆணவம்ங்கிற பேரு அணுவுலேருந்து வந்ததும்பாங்க, எங்கும் பரவி நிக்க வேண்டிய உயிர அணு மாதிரி சுருக்கறதால அந்தப் பேரு. நாமதான் நெஞ்ச நிமித்தி நடக்கிறவனப் பாத்து ஆணவம் புடிச்சவன்ங்கிறோம். என்னக் கேட்டா மீட்டிங்ல 'இது நான் செஞ்சது சார்'னு சொல்றதவிட, நான் எதுக்குமே லாயக்கில்லன்னு மூலைல சுருண்டு உக்காந்திருக்கீங்களே அதுலதான் களிம்பு ஜாஸ்தி. அடுத்த மீட்டிங்ல சொல்லிடுங்க. மாத்திரை சாப்பிடறீங்கன்னா சத்சங்கத்துல யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க, அது டாக்டர் பாடு.

கேள்வி: மனோதத்துவ மேதை யுங் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பாத்தாராமே?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: பாக்கல. இந்திய விஞ்ஞானிங்க கூடுற சயின்ஸ் காங்கிரஸ் மாநாட்டு வெள்ளிவிழாவுக்காக 1937 கடைசில இந்தியா வந்தாரு, மெட்ராஸ் வரைக்கும் வந்தும் திருவண்ணாமலைக்குப் போகாமலே கப்பல் ஏறிட்டாரு. பின்னாடி ரமணரைப் பத்தி சிம்மர்ங்கிற ஜெர்மன் அறிஞர் எழுதின ஜெர்மன் புஸ்தகம் 1944ல வந்துது, அதுக்கு முன்னுரை இவருதான், ஏன் போகலங்கிறதுக்கு அதுல சுத்தி வளைச்சு சமாதானம் சொல்றாரு. எனக்கு அதுல புடிச்சது வேற. திருவனந்தபுரத்துல ரமணரோட சீடர் ஒருத்தர சந்திச்சாராம், பாத்தா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எளிமையான ஆளு, சோறு போட வேண்டிய புள்ளைங்களே ஏகப்பட்டது. ஞானத்தையும் விடல, குடும்பத்தையும் விடல, ஒரு விதத்துல இவரு குருவையே மிஞ்சிட்டாருன்னு யுங் எழுதி வச்சிருக்காரு. ஈரோட்டுக்காரங்க இதையும் படிச்சுக்குங்க.